கம்பியில்லா டிரில்: பெட்டியில் உள்ள எண்கள் என்ன சொல்கின்றன?

தீபாவளிக்கு முன் வரவேற்பறையில் புதிய திரைச்சீலை மாட்ட வேண்டும். சுவரில் நான்கு துளை போட்டால் போதும். அதற்காக ஒரு கம்பியில்லா டிரில் வாங்கலாம் என்று உங்கள் வீட்டில் முடிவு செய்கிறார்கள். கடைக்குப் போனால் அலமாரி முழுவதும் பெட்டிகள். ஒன்றில் 12 வோல்ட் என்று இருக்கிறது, அடுத்ததில் 18, அதற்கடுத்ததில் 20. ஒரு பெட்டியில் 2 ஆம்பியர்-மணி, இன்னொன்றில் 5. சிலவற்றில் 'பிரஷ்லெஸ்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். விலையோ ஒன்றுக்கொன்று இரண்டு, மூன்று மடங்கு வேறுபடுகிறது.

எதை வாங்குவது? பெரிய எண் உள்ளதைத்தானா? மாணவர்களே, இந்தக் கேள்விக்கு விடை சொல்ல நீங்கள் பள்ளியில் படித்த இயற்பியலே போதும். மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை, முறுக்கு விசை ஆகிய நான்கையும் நினைவில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

பேட்டரிக்குள் என்ன இருக்கிறது?

இன்றைய கம்பியில்லா கருவிகள் ஏறத்தாழ எல்லாமே லித்தியம்-அயனி பேட்டரியில் இயங்குகின்றன. இந்த வகைப் பேட்டரியை உருவாக்கியதற்காகத்தான் ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டு வேதியியல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

டிரில்லின் அடியில் சொருகும் பிளாஸ்டிக் பெட்டியை நாம் 'ஒரு பேட்டரி' என்கிறோம். உண்மையில் அது பல சிறு மின்கலங்களின் தொகுப்பு. பல பேட்டரிகளில் 18650 என்ற வகைக் கலம் இருக்கும். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதையே அந்தப் பெயர் சொல்கிறது. ஒவ்வொரு கலமும் சராசரியாக 3.6 வோல்ட் தரும். ஐந்து கலங்களைத் தொடராக இணைத்தால் 5 x 3.6 = 18 வோல்ட்.

அப்படியானால் 20 வோல்ட் கருவி இன்னும் வலிமையானதா? இல்லை. முழுமையாக மின்னேற்றிய கலத்தின் மின்னழுத்தம் சுமார் 4 வோல்ட்டுக்குச் சற்று மேலே இருக்கும். ஐந்து கலங்களுக்கு 20 வோல்ட்டுக்கு மேல் வரும். வேலை தொடங்கியதும் அது 18க்கு இறங்கிவிடும். ஒரு நிறுவனம் சராசரி அளவை எழுதுகிறது. இன்னொரு நிறுவனம் உச்ச அளவை எழுதி, பக்கத்திலேயே 'மேக்ஸ்' என்று போடுகிறது. இரண்டிலும் உள்ளே இருப்பவை ஐந்து கலங்கள்தாம். அதேபோல், '12 வோல்ட் மேக்ஸ்' என்பது மூன்று கலங்கள் கொண்ட 10.8 வோல்ட் பேட்டரி.

ஆம்பியர்-மணி என்பது எவ்வளவு சக்தி?

வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் பேட்டரியில் சேமித்துள்ள ஆற்றல் வாட்-மணியில் கிடைக்கும். 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி பேட்டரியில் 36 வாட்-மணி இருக்கிறது. ஒரு வாட்-மணி என்பது 3,600 ஜூல். ஆகவே மொத்தம் 129,600 ஜூல்.

இது எவ்வளவு பெரியது என்று பார்ப்போம். 50 கிலோ எடையுள்ள மாணவர் ஒருவரை ஒரு மீட்டர் உயரம் தூக்க ஏறத்தாழ 500 ஜூல் தேவை. இந்தச் சிறு பேட்டரியின் ஆற்றல் முழுவதையும் வீணாக்காமல் பயன்படுத்த முடிந்தால், அவரை 259 மீட்டர் உயரத்துக்குத் தூக்கலாம். சிங்கப்பூரின் 50 மாடி பினக்கிள் அட் டக்ஸ்டன் கட்டடத்தின் உச்சியையும் தாண்டிவிடுவார்! இவ்வளவு ஆற்றல் உங்கள் உள்ளங்கையில் அடங்கும் பெட்டிக்குள் இருக்கிறது. அது மெதுவாக வெளிவந்தால் துளை விழும். கட்டுப்பாடின்றி ஒரே நேரத்தில் வெளிவந்தால் தீப்பிடிக்கும். இதைப் பற்றிப் பின்னர் பார்ப்போம்.

கலங்கள் கூடினால் சூடு குறையும்

2 ஆம்பியர்-மணி பேட்டரிக்குப் பதிலாக 4 ஆம்பியர்-மணி வாங்கினால் இரண்டு மடங்கு நேரம் வேலை செய்யலாம். இது எல்லாருக்கும் புரியும். ஆனால் அதே டிரில்லில் பெரிய பேட்டரியைப் போட்டதும், கடினமான வேலையில் கருவி இன்னும் வலுவாக ஓடுவதையும் பலர் கவனித்திருப்பார்கள். அது ஏன்?

கான்கிரீட்டில் துளையிடும்போது டிரில் 360 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்பதால், கம்பியுள்ள கருவிக்கு 1.6 ஆம்பியர் போதும். 18 வோல்ட் பேட்டரியிலிருந்து அதே திறனைப் பெற 20 ஆம்பியர் வேண்டும். மின்னோட்டம் மின்தடை வழியாகப் பாயும்போது வெப்பம் பிறக்கிறது. அந்த வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது.

ஒவ்வொரு கலத்தின் உள்தடையும் 0.02 ஓம் என்று எடுத்துக்கொள்வோம். ஐந்து கலங்கள் உள்ள பேட்டரியில் ஒவ்வொரு கலம் வழியாகவும் 20 ஆம்பியர் பாயும். ஒரு கலத்தில் 20 x 20 x 0.02 = 8 வாட் வெப்பம்; ஐந்திலும் சேர்த்து 40 வாட். பத்துக் கலங்கள் உள்ள பேட்டரியில் அவை இரண்டு வரிசையாகப் பக்க இணைப்பில் இருக்கும். ஒவ்வொரு கலத்துக்கும் 10 ஆம்பியர்தான். ஒரு கலத்தில் 2 வாட். பத்திலும் சேர்த்து 20 வாட்.

வெப்ப இழப்பு பாதியாகக் குறைந்துவிட்டது! மின்னழுத்தம் அதிகம் இறங்காததால் மோட்டாருக்கும் கூடுதல் திறன் கிடைக்கிறது. கலங்கள் சூடாகாததால் அவற்றின் ஆயுளும் நீள்கிறது. ஆனால் பெரிய பேட்டரி கனமானது. ஏணியில் நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கி வேலை செய்பவருக்கு அந்தக் கூடுதல் எடை பெரிய தொல்லை. வீட்டில் அலமாரி பொருத்த, திருகாணி முடுக்க 2 ஆம்பியர்-மணி தாராளம்.

பிரஷ்லெஸ் என்றால் என்ன?

பழைய வகை மோட்டாரில் சுழலும் சுருளுக்கு மின்சாரம் கொடுக்க இரண்டு சிறு கரித்துண்டுகள் அதன் அச்சோடு உரசிக்கொண்டே இருக்கும். இவற்றுக்குக் 'கார்பன் பிரஷ்' என்று பெயர். உரசுவதால் ஆற்றல் வீணாகும், தீப்பொறி பறக்கும், கரி தேயும். டிரில்லின் காற்றுத் துளை வழியாக உள்ளே நீலப் பொறி தெரிந்தால் அது இந்த உரசல்தான்.

பிரஷ்லெஸ் மோட்டாரில் காந்தம் சுழலும், சுருள் அசையாமல் இருக்கும். எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் கொடுப்பது என்பதை ஒரு மின்னணுச் சுற்று முடிவு செய்யும். உரசல் இல்லாததால் ஒரே பேட்டரியில் அதிக வேலை நடக்கும். அடிக்கடி பயன்படுத்துவோருக்கு இது நல்ல தேர்வு. ஆண்டுக்கு நான்கு துளை போடும் வீட்டுக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டிய அவசியமில்லை.

எந்த மோட்டாராக இருந்தாலும் ஒரு விதி மாறாது. மோட்டார் சுழலும்போது தானே ஒரு மின்னியற்றி போல் செயல்பட்டு, எதிர்த் திசையில் ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. மின்னோட்டத்தை அடக்கி வைப்பது இந்த எதிர் மின்னழுத்தம்தான். துளைமுனை சுவரில் சிக்கி மோட்டார் நின்றுபோனால் இந்தத் தடுப்பும் மறைந்துவிடும். சுற்றின் மொத்த மின்தடை 0.2 ஓம் என்றால், 18 ÷ 0.2 = 90 ஆம்பியர் பாய முயலும். சில வினாடிகளில் சுருள் கருகிவிடலாம். நல்ல கருவிகளில் மின்னணுப் பாதுகாப்பு குறுக்கிட்டு நிறுத்தும். ஆனாலும், டிரில் சிக்கினால் விசையை உடனே விட்டுவிடுங்கள். இன்னும் அழுத்திப் பார்க்காதீர்கள்.

உங்கள் சுவர் எது?

கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் சுவரைத் தெரிந்துகொள்ள வேண்டும். மரத்திலும் பிளாஸ்டர் பலகையிலும் துளையிடச் சாதாரண டிரில் போதும். மலேசியாவில் பல தரைவீடுகளில் உள்ள செங்கல் சுவருக்குச் சுத்தியல் வசதியுள்ள 'ஹேமர் டிரில்' வேண்டும். அடுக்குமாடி வீடுகளின் கான்கிரீட் சுவருக்கு அதுவும் திணறக்கூடும்.

காரணம் இதுதான். மரத்தைச் சீவி எடுக்கலாம். கான்கிரீட்டைச் சீவ முடியாது. இடித்துப் பொடியாக்கத்தான் முடியும். ஹேமர் டிரில்லில் பற்கள் கொண்ட இரண்டு வட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, நிமிடத்துக்கு 20,000 முறைக்கு மேல் சிறு தட்டுகள் தட்டும். தட்டு வேகமானது, ஆனால் பலவீனமானது. நாமும் அழுத்திப் பிடிக்க வேண்டும். 'ரோட்டரி ஹேமர்' என்ற கருவியில் ஓர் உந்துதண்டு காற்றை அழுத்தி ஒரு சுத்தியலை வீசும். நிமிடத்துக்கு 4,000, 5,000 முறைதான் அடிக்கும். ஆனால் ஒவ்வோர் அடியும் பலமடங்கு வலுவானது. ஹேமர் டிரில் வியர்க்க வைக்கும் துளையை இது சில வினாடிகளில் முடித்துவிடும்.

கடையில் 'இம்பாக்ட் டிரைவர்' என்ற குட்டையான கருவியையும் பார்ப்பீர்கள். பெயரைக் கேட்டு இது கான்கிரீட்டுக்கு என்று பலர் எண்ணி வாங்கிவிடுகிறார்கள். இதன் அடி முன்னோக்கி விழுவதில்லை; சுழலும் திசையில் விழுகிறது. நீளமான திருகாணியை மரத்தில் ஏற்றவும், இறுகிப்போனதைக் கழற்றவும் இது மிகச் சிறந்தது. சுவரைத் துளைக்க இது வேண்டாம்.

துளையிடும் முன் இன்னும் சில விவரங்கள். சுவிட்சுக்கும் மின்செருகிக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் சுவருக்குள் மின்கம்பி ஓடக்கூடும், அங்கே துளைக்காதீர்கள். இல்லப் புகலிடத்தின் சுவரில் துளையிடச் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை தனி விதிகள் வைத்திருக்கிறது. வீவக வீடுகளில் ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையன்றும் புதுப்பிப்பு வேலைகள் கூடாது. தீபாவளிக்கு முதல் நாள் இரவு துளை போடலாம் என்று காத்திருந்தால் அண்டை வீட்டாரின் கோபத்துக்கும் ஆளாவீர்கள்.

உங்கள் மணிக்கட்டும் நியூட்டனும்

பெட்டியில் உள்ள இன்னொரு எண், முறுக்கு விசை. வீட்டு உபயோக 18 வோல்ட் டிரில்லில் அது சுமார் 50 நியூட்டன்-மீட்டர் இருக்கலாம். நியூட்டனின் மூன்றாம் விதியை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். டிரில் முனையைத் திருப்பும் அதே அளவு முறுக்கு விசை எதிர்த் திசையில் டிரில்லையும் திருப்பும். முனை எளிதாகச் சுழலும்வரை அது நமக்குத் தெரிவதில்லை. முனை ஒரு இரும்புக் கம்பியில் சிக்கியதும் முழு விசையும் கைக்கு வந்துவிடும்.

உங்கள் கை, சுழலும் அச்சிலிருந்து 12.5 சென்டிமீட்டர் கீழே பிடித்திருந்தால், 50 ÷ 0.125 = 400 நியூட்டன். நான்கு 10 கிலோ அரிசி மூட்டைகள் ஒரே நொடியில் உங்கள் மணிக்கட்டை இழுப்பது போன்றது இது. பக்கவாட்டுக் கைப்பிடியைப் பொருத்தி 30 சென்டிமீட்டர் தூரத்தில் இன்னொரு கையால் பிடித்தால், 50 ÷ 0.3 = சுமார் 167 நியூட்டன் போதும். பெட்டியோடு வரும் அந்தக் கைப்பிடியைத் தூக்கிப் பரணில் போட்டுவிடாதீர்கள்.

டிரில்லின் முன்பகுதியில் எண்கள் பொறித்த வளையம் ஒன்று இருக்கும். அதுதான் 'கிளட்ச்'. எவ்வளவு முறுக்கு விசை வந்தால் சுழற்சி நழுவ வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. சிறு திருகாணிக்குச் சிறிய எண்ணில் தொடங்கி, தேவைப்பட்டால் ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். திருகாணியின் தலை சிதையாது. மேலே உள்ள 1, 2 என்ற விசை, சைக்கிளின் கியர் போன்றது. 1இல் வேகம் குறைவு, முறுக்கு விசை அதிகம். திருகாணிக்கும் மரத்தில் பெரிய துளைக்கும் அது ஏற்றது. சுவரில் சிறு துளை போட 2 நல்லது.

கருவியை நீங்கள் கையாளும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும். பாதுகாப்புக் கண்ணாடியும் முகக் கவசமும் அணியுங்கள். கான்கிரீட் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்குக் கேடு. முனையை மாற்றும் முன் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். துணிக் கையுறையும் தொங்கும் கழுத்துச் சங்கிலியும் வேண்டாம். சுழலும் முனை அவற்றை இழுத்துச் சுற்றிக்கொள்ளும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி: வீட்டில் ஏற்கெனவே கம்பியில்லா கருவி ஏதேனும் உண்டா? ஒரு நிறுவனத்தின் பேட்டரி இன்னொரு நிறுவனத்தின் கருவியில் பொருந்தாது. இன்று நீங்கள் வாங்கும் டிரில், நாளை வாங்கப்போகும் விசிறி, விளக்கு, தூசு உறிஞ்சி ஆகியவற்றையும் தீர்மானித்துவிடும். ஒரே குடும்பத்துக் கருவியாக இருந்தால் அடுத்த முறை பேட்டரியும் சார்ஜரும் இல்லாமல் கருவியை மட்டும் மலிவாக வாங்கலாம்.

இரண்டாவது கேள்வி: எவ்வளவு அடிக்கடி பயன்படுத்துவோம்? லித்தியம்-அயனி பேட்டரி பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் மூப்படையும். ஆண்டுக்கு ஒரு முறைதான் தேவை என்றால் கம்பியுள்ள டிரில்லே சிக்கனமானது. அதன் மோட்டார் பத்து ஆண்டு கழித்தும் அதே வேகத்தில் சுழலும். தெரிந்தவரிடம் இரவல் வாங்கினால் இன்னும் சிக்கனம்!

மூன்றாவது கேள்வி: பேட்டரி அசலா? இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் பேட்டரிகளைக் கணக்குப் போட்டே பிடித்துவிடலாம். 18650 கலம் ஒன்றில் சுமார் 3.5 ஆம்பியர்-மணிவரைதான் சேமிக்க முடியும். பத்துக் கலங்களை இரண்டு வரிசையாக இணைத்தால் உச்சம் 7 ஆம்பியர்-மணி. அதே அளவுப் பெட்டியில் 12 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் அது பொய். கொள்ளளவில் பொய் சொல்பவர் உள்ளே உள்ள பாதுகாப்புச் சுற்றில் மட்டும் உண்மையாக இருப்பார் என்று எப்படி நம்புவது? சார்ஜரில் சிங்கப்பூரின் பாதுகாப்பு முத்திரையோ மலேசியாவின் சிரிம் முத்திரையோ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பேட்டரியைப் பேணுவது எப்படி?

"முழுவதும் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் காலத்தில் அது சரி. அப்போதிருந்த நிக்கல்-காட்மியம் பேட்டரிக்கு 'நினைவு விளைவு' என்ற குறை இருந்தது. பாதியில் மின்னேற்றிக்கொண்டே இருந்தால் அதன் கொள்ளளவு குறைந்தது போலாகும். லித்தியம்-அயனிக்கு அந்தக் குறை இல்லை. அதை முழுவதும் தீர்ப்பதுதான் ஆபத்து.

கலத்தின் மின்னழுத்தம் மிகவும் தாழ்ந்துவிட்டால் உள்ளே உள்ள செம்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு மின்னேற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உள்ளேயே குறுக்குச் சுற்றை உண்டாக்கலாம். நீண்டகாலம் பரணில் கிடந்த பேட்டரியைச் சார்ஜர் ஏற்க மறுப்பது இதனால்தான். அது பழுதல்ல, பாதுகாப்பு. வேறொரு பேட்டரியோடு கம்பி இணைத்து அதை 'எழுப்பும்' காணொளிகள் இணையத்தில் உண்டு. அவற்றைப் பின்பற்றாதீர்கள்.

நம் நாடுகளில் பேட்டரியின் முதல் எதிரி வெப்பம். வேலை முடிந்த கையோடு சூடான பேட்டரியைச் சார்ஜரில் சொருகாதீர்கள். அரை மணி நேரம் ஆறட்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்காதீர்கள். சில வாரங்களுக்குத் தேவையில்லை என்றால் பாதியளவு மின்னேற்றி, கருவியிலிருந்து கழற்றி, நிழலான இடத்தில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது எதிரி ஈரப்பதம். துளைமுனைகளைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவிப் பெட்டியில் வையுங்கள். காலணிப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் அதில் போட்டு வைக்கலாம். மோட்டாரின் காற்றுத் துளைகளில் படிந்த தூளைத் தூரிகையால் அகற்றுங்கள். துளையிடும் இடத்துக்குக் கீழே ஓர் உறையை ஒட்டிவைத்தால் தூள் அதற்குள் விழும். கருவிக்கும் நல்லது, தரையைக் கூட்டும் வேலையும் மிச்சம்.

எப்போது நிறுத்த வேண்டும்?

பேட்டரி உப்பியிருந்தாலோ, இனிப்பான அல்லது ரசாயன வாடை வந்தாலோ, சும்மா இருக்கும்போதே சூடாக இருந்தாலோ, உயரத்திலிருந்து விழுந்து விரிசல் கண்டாலோ, அதை மீண்டும் மின்னேற்ற வேண்டாம். ஒரு கலம் சேதமடைந்து அளவுக்கு மீறிச் சூடானால் அந்தச் சூடு பக்கத்துக் கலத்தையும் தூண்டிவிடும். இந்தச் சங்கிலி தொடங்கிவிட்டால் நிறுத்துவது கடினம்.

அதனால்தான் இரவு முழுவதும், ஆள் பார்க்காமல், மெத்தை, சோபா மீது மின்னேற்றக் கூடாது என்கிறார்கள். வாசற்கதவுக்கு அருகிலும் வேண்டாம். தீப்பிடித்தால் நீங்கள் வெளியேற வேண்டிய வழியே அடைபடும். திருகாணிகள் கிடக்கும் பையில் பேட்டரியைப் போடாதீர்கள். ஒரு திருகாணி இரு முனைகளையும் தொட்டால் போதும். புகை வந்தால் அறையை விட்டு வெளியேறி, கதவைச் சாத்தி, சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 எண்ணை அழையுங்கள்.

ஆயுள் முடிந்த பேட்டரியைக் குப்பை கொட்டும் குழாயில் போடாதீர்கள். குப்பை லாரியில் நசுங்கினால் அங்கேயே தீப்பிடிக்கலாம். உலோக முனைகளை ஒட்டுநாடாவால் மூடி, மின்-கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். எந்தப் பேட்டரியை ஏற்பார்கள் என்பது தொட்டியிலேயே எழுதியிருக்கும். ஏற்காவிட்டால் கருவியை விற்ற கடையில் கேட்டுப் பாருங்கள்.

தெரிந்துகொள்வோம்: நிலவைத் துளைத்த டிரில்

கம்பியில்லா டிரில்லை நாசா கண்டுபிடித்தது என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1961ஆம் ஆண்டிலேயே நிக்கல்-காட்மியம் பேட்டரியில் இயங்கும் டிரில்லை வெளியிட்டுவிட்டது. அதன் பிறகே அந்நிறுவனம் அப்பல்லோ திட்டத்துக்கான டிரில்லை உருவாக்குவதில் பங்கேற்றது. 1971இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவின் தரையில் சுமார் 2.4 மீட்டர் ஆழம்வரை துளையிட்டு மண் மாதிரி எடுத்தார். அங்கே மின்செருகி ஏது?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் உள்ள கைப்பேசி, மடிக்கணினி, கையடக்க மின்சேமிப்பி, கம்பியில்லா கருவி ஆகியவற்றின் பேட்டரி விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் வாட்-மணியையும் கணக்கிடுங்கள். மில்லிஆம்பியர்-மணி என்று இருந்தால் 1,000ஆல் வகுக்க மறவாதீர்கள். பிறகு அவற்றை ஜூலாக மாற்றி, உங்கள் எடையுள்ள ஒருவரை எத்தனை மீட்டர் தூக்கலாம் என்று பட்டியலிடுங்கள். அந்தப் பட்டியலில் முதலிடம் பிடிக்கும் பேட்டரி இப்போது வீட்டில் எங்கே இருக்கிறது, எங்கே வைத்து மின்னேற்றப்படுகிறது என்று போய்ப் பாருங்கள். மாற்ற வேண்டிய இடமாக இருந்தால் இன்றே மாற்றுங்கள்.